பாபநாசத்துக்கு ஒரு சோதனைக் குழாயுடன்

வெள்ளிக்கிழமை, காலை 5.10. புதுக்கோட்டையில் தஞ்சாவூர் பஸ் ஏறி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். தூரம் ஐம்பத்தேழு கிலோமீட்டர், பழைய கணக்கில் முப்பத்தைந்தரை மைல். டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது காசு. என்னிடம் இரண்டு பைகள். ஒன்றில் நான்கு வேட்டி, மூன்று சட்டை. மற்றதில் ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாய், அதைப் பிடிக்க மர இடுக்கி, ஸ்பிரிட் விளக்கு, ஒரு பாட்டில் நீல மருந்து, நாற்பது பக்க நோட்டு. இரண்டாவது பையை மடியை விட்டு இறக்கவில்லை. கண்டக்டர் அதை இரண்டு தடவை உற்றுப் பார்த்தார்.

"பெரியவரே, பைக்குள்ள என்ன? தஞ்சாவூர்ப் பக்கம் நேரம் சரியில்ல. அறுவடைக் கூலித் தகராறு. போலீஸ் ஏறிப் பார்ப்பாங்க."

"மூத்திரம் பார்க்கிற சாமான் தம்பி."

"ஏன்டா கேட்டோம்னு ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது அறுபத்தேழு. முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியார். மனைவி போய் ஆறு வருடம்; தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். சர்க்கரை வியாதி பதினொரு வருடம். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணில் புரை மூடிக்கொண்டு வருகிறது. தஞ்சாவூர்க் கண் டாக்டர் கத்தி வைக்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. சர்க்கரை இறங்காமல் அறுத்தால் புண் ஆறாது. ஆகையால் அறுவைக்கு முன் தொடர்ந்து மூன்று காலை சோதனைக் குழாய் நீலமாகவோ பச்சையாகவோ இருக்க வேண்டும். நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சினால் நிறம் மாறும். சர்க்கரை இல்லையென்றால் நீலம். கொஞ்சம் என்றால் பச்சை. பிறகு மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். திங்கட்கிழமை நோட்டோடு வரச் சொல்லியிருந்தார்.

சாப்பாட்டுக்கு அவர் சொன்ன விதிகள் நான்கு. அளவாகச் சாப்பிடு. தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடு. காய் கீரையைக் கூட்டிச் சோற்றைக் குறை. சாப்பிட்டபின் நட. இவற்றுக்கு நானே எண்கள் போட்டுக்கொண்டேன்: வேளைக்குச் சப்பாத்தி இரண்டு அல்லது சோறு மூன்று கரண்டி, நடை ஆயிரம் அடி.

சிக்கல் எங்கே என்றால், புரை விழுந்த கண்ணுக்கு நிறம் தெரியவில்லை. எல்லாம் பழைய செய்தித்தாள் போலத் தெரிகிறது. எதிர்வீட்டுக் கம்பவுண்டர் பார்த்துச் சொல்லிவந்தார், அவருக்கு மாற்றலாகிவிட்டது. அதனால்தான் நான்கு நாள் தங்குவதாக என் தங்கை கமலத்தின் வீட்டுக்குக் கிளம்பினேன். பாபநாசத்துக்குத் தெற்கே மூன்று கல் தொலைவில் ஊர்.

காலை 9.25. பாபநாசம். தஞ்சாவூரிலிருந்து எண்பத்தைந்து காசு. வழியெல்லாம் விளைந்த சம்பா, மங்கலான மஞ்சளாக. அதில் பாதி வயல்களின் வரப்பில் கொடி நட்டிருந்தது. என்ன நிறம் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். "சிவப்புங்க. வேற என்ன?" என்றார். சாலையோரச் சுவரில் இருந்த கொடிகளைக் கேட்டேன். "அது கறுப்பு சிவப்பு. அவங்கதான் மெட்ராஸ்ல ஆள்றாங்க. நில உச்சவரம்புச் சட்டம் போட்டாங்க. சட்டம் பஸ் ஏறிட்டுதாம், இன்னும் இறங்கல." சிரித்தேன். ஆனால் யாரைக் கேலி செய்தார் என்பது விளங்கவில்லை.

பகல் 12.30. தங்கையின் கணவர் நடேசனுக்கு ஏழு ஏக்கர். மிராசு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அறுக்க ஆள் வராமல் நெல் வயலில் உதிர்ந்துகொண்டிருந்தது. வீட்டில் சண்டை நடந்து முடிந்த அமைதி. கமலம் இலை போட்டு இரண்டு சப்பாத்தி வைத்தாள். எண்ணிச் சாப்பிட்டு எழுந்தேன்.

"எங்க எழுந்திரிக்கிறே? உக்காருண்ணே. சோறு வரலியே."

"சாப்பிட்டுவிட்டேனே. இரண்டு சப்பாத்தி."

"அது டாக்டர் சொன்ன மருந்து. சாப்பாடு இனிமேதான்."

"மருந்து இல்லை அம்மா, அதுதான் சாப்பாடு."

"ஏங்க, கேட்டீங்களா? சப்பாத்தி சாப்பாடாம்" என்று அவள் கணவரைக் கூப்பிட்டாள். நடேசன் வந்து நின்றார். "மச்சான், இந்த வீட்டுல வந்து சோறு சாப்பிடாமப் போனா, வெளியில என்னைத்தான் பேசுவாங்க. அதுவும் தை மாசத்துல."

மூன்று கரண்டிக்குச் சம்மதித்தேன். புது அரிசி, குழைந்திருந்தது. அவர்கள் வீட்டுக் கரண்டி என் வீட்டுக் கரண்டியைப் போல இரண்டு பங்கு பிடிக்கும். இது எனக்கு ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. முப்பத்தாறு வருடம் அலகைப் பார், அலகைப் பார் என்று கரும்பலகையைத் தட்டியவன் நான்.

சனிக்கிழமை, காலை 6.15. கொல்லைப்புறத்தில் விளக்கேற்றிக் குழாயைக் காய்ச்சினேன். கமலம் தள்ளி நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "பச்சைண்ணே." நோட்டில் எழுதினேன். மனம் துள்ளியது. ஆனால் அன்று முழுதும் தொண்டை வறண்டது, மூத்திரத்துக்குப் பதினொரு தடவை போனேன். பச்சை என்றால் இவ்வளவு தாகம் ஏன்? 

ஞாயிற்றுக்கிழமை, காலை 6.15. "பச்சை. நல்ல பச்சை" என்றாள். இரண்டாயிற்று, இன்னும் ஒன்றுதான். குழாயைக் கிணற்றடியில் கழுவ அவள் விடுவதில்லை. தக்கை அடைத்துப் பையில் வைத்து, காலைச் சாப்பாடு முடிந்ததும் குடமுருட்டி ஆற்றுக்குப் போய்க் கழுவுவேன். நடையும் ஆயிற்று.

காலை 8.40. வரப்பில் வாய்விட்டு எண்ணிக்கொண்டு போனேன். கண் தெரியாதவனுக்கு எண்ணிக்கைதான் துணை. நானூற்றுப் பதினெட்டு, நானூற்றுப் பத்தொன்பது.

"நில்லுங்க. யாரு வயலை அளக்குறீங்க?"

வரப்பில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பில் அரிவாள், வேலை நடக்கவில்லை. கேட்டவர் வீரையன் என்பவர், தொழிலாளர் சங்கத்துக்காரர். போன வாரம் ஒருவர் இப்படித்தான் சங்கிலி இல்லாமல் காலாலேயே அளந்துவிட்டுப் போனாராம்.

"பெரிய பண்ணை அனுப்புன ஆளுதானே? நிலத்தைப் பேரன் பேருக்கும் நாய்க்குட்டி பேருக்கும் பிரிச்சு எழுத வந்திருக்கீங்க."

"நான் நிலத்தை அளக்கவில்லை. சாப்பிட்டது செரிக்க நடக்கிறேன். ஆயிரம் அடி."

"செரிக்கிறதுக்கா?" என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். "நாங்க பன்னெண்டு நாளா வேலைக்குப் போகல சார். எங்களுக்குச் செரிக்கிற தொந்தரவே இல்ல."

வீரையன் பையை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். குழாய் வந்தது. "இது என்ன?"

"மூத்திரச் சோதனை. எனக்குச் சர்க்கரை வியாதி. பாருங்கள், பச்சையாக இருக்கிறதே, அப்படி என்றால் குறைவு."

 வீரையன் சொன்னார்: "பச்சையா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா பெரியவரே? செங்கல்லை இழைச்சுக் கரைச்ச மாதிரி இருக்கு."

"பச்சை" என்றேன்.

"செவப்பு" என்றார்கள் நான்கு பேர்.

 அவர்கள் என்னை ஏமாற்றுகிறார்களா? ஏன் ஏமாற்ற வேண்டும்? காலையிலிருந்து இப்போதுவரை நிறம் மாறியிருக்குமா? மாறாது. அப்போது ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி எழுந்து வந்து குழாயை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். பெயர் அஞ்சலை, அறுவடைக் கூட்டத்தின் தலைவி.

"விடு வீரையா, இவர் அளக்க வந்த ஆளு இல்ல. எங்க வீட்டுக்காரருக்குப் பெரியாசுபத்திரியில இதே குழாயிலதான் பார்த்தாங்க. செங்கல் கலருன்னா ரொம்பக் கூடுதல். அவருக்கு ரெண்டு கால் விரல் எடுத்தாச்சு." என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இதைப் பச்சைன்னு யாரு சொன்னது?"

"என் தங்கை."

 நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். உன் வீட்டுக்காரர் இப்போது என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன்.

"காலையில பழையதுல ஒரு கை, மிச்சம் தண்ணி, வெங்காயம். மத்தியானம் ஒரு சட்டி கீரை, கிடைச்சா மீனு. சாயங்காலம் கேவுரு கூழ் ஒரு கிண்ணம். நேரம் தவறக்கூடாது. எல்லாரும் சோத்துக்குக் கீரையைத் தொட்டுக்குவாங்க. அவரு கீரைக்குச் சோத்தைத் தொட்டுக்குறாரு." பிறகு சிரிப்பில்லாமல் சொன்னாள்: "எங்களுக்குச் சோறு குறைச்சலாத்தான் எப்பவும். உங்களுக்கு அதை டாக்டர் சொல்லித் தர வேண்டியிருக்கு."

தக்கையை அடைத்துக் குழாயைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.  

காலை 10.05. வீடு திரும்பியபோது நடேசன் வாசலில் நின்றார். செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. "மச்சான், அவங்களோட உக்காந்து என்ன பேசுனீங்க? நான் கூலி கூட்டித் தர்றேன்னு ஏதாவது சொல்லிட்டீங்களா?"

"கீரையைப் பற்றிப் பேசினோம்."

அவர் நம்பவில்லை. அவரைக் கடந்து உள்ளே போய்க் கமலத்தைக் கேட்டேன். "குழாய் என்ன நிறம்?"

அவள் அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். "நேத்து ஆரஞ்சு. இன்னிக்கு அதைவிட மோசம்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா சாப்பிட மாட்டே. வந்து இறங்கினப்போ உன் தோள் எலும்பைப் பார்த்தியா நீ? சிவப்புன்னு சொன்னா டாக்டரு திருப்பி அனுப்பிடுவாரு. ரெண்டு கண்ணும் போயி அந்த ஊர்ல தனியா என்ன பண்ணுவே? பச்சைன்னு எழுதிக்கிட்டுப் போனா கண்ணாவது வரும்னு நெனைச்சேன்."

"அறுத்துப் புண் ஆறாவிட்டால் கண்ணே போய்விடும் கமலம்."

"அது எனக்கு யாரு சொன்னா?" என்று அழுதாள்.

உண்மைதான். நான் சொல்லவில்லை. விதிகளைச் சொன்னேன், எண்களைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, காலை 9.40. தஞ்சாவூர். இன்று காலையும் செங்கல். நோட்டில் இரண்டு 'பச்சை'யையும் அடித்துவிட்டு மேலே சரியானதை எழுதிக் கொடுத்தேன். அடிக்காமலே கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் பஸ்ஸில் பதினாறு மைலும் என்னோடு வந்தது. டாக்டர் அடித்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். எண்களைச் சொன்னேன். "எண்ணிக்கை சரி. எவ்வளவு?" என்றார்.

கமலம் வீட்டுக்கே திரும்பினேன். பிறகு நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். ஏனெனில் எது பலித்தது என்பது எனக்கே பிடிபடவில்லை. கூலித் தகராறு புதன்கிழமை பேசி முடிந்தது. அஞ்சலை ஆட்களோடு நடேசன் வயலுக்கு அறுக்க வந்தாள். வயலில் இறங்குமுன் கொல்லைப்புறம் நின்று குழாயைப் பார்ப்பாள், கமலமும் பார்ப்பாள். இருவரும் ஒரே நிறத்தைச் சொன்னால்தான் நோட்டில் எழுதுவேன். கமலம் சின்னக் கரண்டி ஒன்று வாங்கினாள். முதலில் கீரையும் காயும், பிறகு சோறு இரண்டு சின்னக் கரண்டி. பழைய அரிசி, வடித்தது. காலை எட்டு, பகல் பன்னிரண்டரை, மாலை ஏழு. நடை ஆயிரம் அடி, ஆற்றுப் பக்கம். இப்போது யாரும் நிறுத்தவில்லை. "எண்ணிட்டீங்களா சார்?" என்று வீரையன் தூரத்திலிருந்து கத்துவார். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தவில்லை.

ஆரஞ்சு, ஆரஞ்சு, மஞ்சள், மறுபடி ஆரஞ்சு, மஞ்சள், பிறகு தொடர்ந்து மூன்று காலை பச்சை. சோற்றை விட்டால்தான் இறங்கும் என்று பதினொரு வருடம் நம்பியிருந்தேன். சோறு சாப்பிட்டுக்கொண்டே இறங்கியது. முன்பு புதுக்கோட்டையில் கேழ்வரகு நல்லது என்று வேளைக்கு மூன்று உருண்டை களி தின்றேன், அதில் ஏறியது. அளவா, நேரமா, கீரையா, நடையா, எதிரே ஒருத்தி உட்கார்ந்து பரிமாறியதா? ஒன்றை மாற்றி மற்றதை நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். கண்ணைப் பணயம் வைத்து அந்தக் கணக்கைப் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

பதினெட்டாம் நாள் அறுவை நடந்தது. எட்டு நாள் கட்டோடு படுக்கை. பிறகு மறுபடி கமலம் வீடு.

நாற்பத்தொன்றாம் நாள், காலை 7.30. பாபநாசம் பஸ் நிறுத்தம். தடித்த கண்ணாடி வழியே பார்த்தேன். அறுத்த நெல்தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து வயலெல்லாம் ஒரே பச்சை. பச்சை இவ்வளவு பச்சையா என்று திகைத்தேன். கமலம் சுண்டல் பொட்டலத்தையும் சின்னக் கரண்டியையும் பையில் வைத்தாள்.

"ஒழுங்கா சாப்பிடுவியா?"

"சாப்பிடுவேன்."

"நிறம் பார்த்து எழுதிப் போடு. உள்ளதை எழுது."

எங்கள் ஊரில் ஆறு கிடையாது. ஏரியும் பாதி வருடம் வறண்டு கிடக்கும். கூலி கேட்டு அங்கே யாரும் அரிவாளைக் கீழே வைப்பதில்லை; வைக்க நெல் வேண்டுமே. எட்டு மணிக்கும் பன்னிரண்டரைக்கும் ஏழுக்கும் நானே இலை போட்டு நானே உட்கார வேண்டும். குழாயின் நிறத்தை இனி என் கண்ணே சொல்லிவிடும். அந்த வீட்டில் எனக்குப் பொய் சொல்ல ஆளில்லை. பஸ் குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டும்வரை அதை நல்லதாக எண்ணிக்கொண்டிருந்தேன். தாண்டியபின் அப்படித் தோன்றவில்லை.