உப்புக் கரித்த ஐஸ்கிரீம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல், தலைவலி எதுவும் வரக்கூடாது. வந்தாலும் ஐஸ்கிரீம் கடைக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் சொல்ல வேண்டும். அந்தமானில், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் கூலி மஜ்தூராக இருந்த அப்பா, வேறு எதற்கும் இப்படிச் சட்டம் போட்டவரில்லை.

கப்பல் அணையும் ஜெட்டியிலிருந்து ஏறும் மேட்டில், ஒரு தகரக் கூரை வீட்டின் முன்னறைதான் கடை. கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கப்பலில் சமையல் வேலை பார்த்தவர், ஒரு நடை இங்கே இறங்கினார், திரும்ப ஏறவில்லை. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. ஒரு மரவாளி, அதற்குள் உயரமான தகர டப்பா. டப்பாவுக்குள் பால்பவுடர், சர்க்கரை, தேங்காய்ப்பால். சுற்றிலும் மீன்காரர்கள் வாங்குகிற அதே ஐஸ்கட்டி, எங்கள் ஊர்ப் பேச்சில் பர்ஃப், அதன்மேல் கல்லுப்பு. கைப்பிடியை முக்கால் மணி நேரம் சுற்ற வேண்டும். வாரம் முழுக்க மூட்டை தூக்கிய தோளோடு அப்பா முதலில் சுற்றுவார், பிறகு நான், கடைசியில் அம்மா. சுற்றியவர்களுக்கு முதல் கரண்டி. வரிசையில் நிற்கும் வங்காளிகளும் தெலுங்கர்களும் பார்த்துக்கொண்டே இருக்க நாங்கள் தின்போம். அதிலும் ஒரு ருசி இருந்தது.

அண்ணாச்சி மட்டும் ஒருநாளும் தின்றதில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி. கரண்டியைத் தூக்கி, அது விழுகிற விதத்தில் பதம் பார்ப்பார். ருசியை எங்கள் முகங்களில் பார்த்துக்கொள்வார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத்துக்காக மெட்ராஸ் கப்பல் ஏறியபோது, நல்லபடியாகப் பதில் சொல் என்று அம்மா சொல்லவில்லை. மெயின்லேண்டில் ஐஸ்கிரீம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னாள்.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பெரிய கடையில் அது கண்ணாடிக் கிண்ணத்தில் வந்தது. ஒரு வாய் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் செய்தவர் எதையோ மறந்திருந்தார். பரிமாறியவரைக் கூப்பிட்டு, மரியாதையாகவே, கொஞ்சம் உப்பு கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"இதுக்குத்தான். போட மறந்துட்டாங்க போல."

அவர் உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து என்னைக் காட்டினார். எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னேன். "அந்தமானாம்," என்றார் ஒருவர் மற்றவரிடம், எல்லாம் விளங்கிவிட்டதுபோல.

திரும்பும் கப்பலில் யோசித்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் நாள் நோட்டை எடுத்துப் படம் வரைந்தேன்: வாளி, டப்பா, பர்ஃப், உப்பு. டப்பாவின் அடியில் தகரம் சேரும் தையல் விட்டிருக்கிறது. உருகின உப்புத்தண்ணீர் உள்ளே கசிகிறது. அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி போட்டேன். பத்து வருஷமாக ஒரு ஓட்டையின் கைப்பக்குவத்தைத்தான் நாங்கள் மெச்சியிருக்கிறோம்.

தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது படித்தவனுக்கு அழகில்லை என்று அப்போது நம்பினேன். ஜெட்டியில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியோடு கடைக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். அண்ணாச்சி அதை வெகுநேரம் பார்த்தார்.

"பத்து வருசமா உப்பத் தின்னுட்டு ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லலயே தம்பி."

"நல்லாருந்துச்சு அண்ணாச்சி."

"கப்பல்ல கேப்டன்ல இருந்து கலாசி வரைக்கும் என் சோத்தத் தின்னுருக்கான். உப்பு கூடிட்டுன்னு ஒருத்தன் சொன்னதில்ல."

அன்றைக்கே டப்பாவை எடுத்துப்போய் ஈயம் வைத்து அடைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மெட்ராஸ் ஐஸ்கிரீம் மாதிரியே வந்தது. என் தங்கச்சி பாதி தின்றுவிட்டு மீதியை என்னிடம் கொடுத்தாள். அதுவரை நடக்காத காரியம். மூன்று பிள்ளைகளோடு வரும் வங்காளி அம்மா நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, "நமக் கிதர் கயா?" என்று கேட்டாள். உப்பு எங்கே போச்சு என்ற அந்தக் கேள்வி காதில் விழாததுபோல அண்ணாச்சி வாளியில் பர்ஃபை அள்ளிப் போட்டார். அதற்கடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. நாலாவது வாரம் வரிசை என்று சொல்ல எங்கள் குடும்பம் மட்டும்தான் நின்றது, அதுவும் அப்பாவின் சட்டத்தால். அன்று அண்ணாச்சி, அடுத்த கப்பலில் படுத்துப் போக பங்க் டிக்கெட் கிடைக்குமா, தூத்துக்குடியில் தம்பி வீடு இருக்கிறது என்று அப்பாவிடம் மெதுவாக விசாரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இதுக்காடா ஒன்னயப் படிக்க வச்சோம்?"

"படம் வேற போட்டுக் காட்டிருக்கான்," என்றார் அப்பா.

மறுநாளே என்னைத் தூது அனுப்பினார்கள். டப்பாவில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அண்ணாச்சிக்கு விளக்கினேன். இந்தத் தடவை படம் வரையவில்லை. அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஐஸ்கிரீம்ல உப்புப் போடுத சமையக்காரன்னு பேரு வாங்கச் சொல்லுதியா? என் கையால போடமாட்டேன் தம்பி. கடைய மூடுனாலும் மூடுவேன்."

இதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். அம்மா மட்டும், "அவரு கையாலதான போடமாட்டாரு," என்றாள்.

அந்த ஞாயிறு வழக்கம்போல அப்பா சுற்றினார், நான் சுற்றினேன். அம்மா முறை வந்தபோது அவளுடைய முந்தானை முனையில் ஒரு முடிச்சு இருந்தது. அப்பா அண்ணாச்சியைப் பேச்சுக்கு இழுத்தார். ஹட் பே துறைக்குப் போகிற கப்பல் ஏன் தாமதம் என்று, தனக்கே தெரியாத காரணங்களைச் சத்தமாக அடுக்கினார். அம்மா பாதியில் சுற்றுவதை நிறுத்தினாள்.

"அண்ணே, மூடியத் தெறந்து பதம் பாத்துக்கிறவா?"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். முடிச்சையும் பார்த்தார், அதை அவிழ்க்கத் தயாராக இருந்த விரல்களையும் பார்த்தார். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"பாரு தங்கச்சி. மழ வருதான்னு நான் பாத்துட்டு வாறேன்."

காலையிலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாசலைத் தாண்டி இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நின்றார். அம்மா அவசரப்படவில்லை. போட்டாள், துளி எடுத்து நாக்கில் வைத்தாள், இன்னும் கொஞ்சம் போட்டாள். மூடியை அழுத்தி, கைப்பிடி மறுபடி கடகடவென்று சுற்றும் சத்தம் கேட்ட பிறகே அண்ணாச்சி உள்ளே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரையும் பார்க்காமல் தலையைத் துவட்டினார்.

"வருது," என்றார்.