நிற்காமல் ஓட வேண்டிய கம்பி

முருகையாவைத் தெரியாதவர் மலேசியாவின் பாக்கார் ஆராங்கில் இருந்தால், அவர் நேற்றுதான் அங்கே குடிவந்திருக்க வேண்டும். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு ஏறக்கட்டிய படிப்பு. ரப்பர் பால் லாரியின் தொட்டிக்கு ஒட்டுப் போட்டுப் பழகிய கை. அந்தக் கைதான் இன்று கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வெல்டிங் ரோபோவை வேலை வாங்குகிறது. இதை அவரே நாலு பேரிடம் சொல்லுவார். ஐந்தாவது ஆள் கேட்காவிட்டாலும் சொல்லுவார். சொல்லட்டுமே. சொந்தக் கையை ஊன்றி மேலே வந்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அறுபது வயது முடிந்தும் கம்பெனி அவரை விடவில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டது. போன வருஷம் அந்த ஒப்பந்தத் தாள் மேனேஜர் சுல்கிப்லியின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்த வாரத்தில்தான், ரோபோ நின்று நின்று வேலை செய்ய ஆரம்பித்தது.

ரோபோ வெல்டிங்கில் உயிர் இருப்பது கம்பியில். பெரிய ட்ரம்மில் சுருண்டிருக்கும் மெல்லிய கம்பியை இரண்டு உருளைகள் கவ்வி இழுத்து, நீண்ட குழாய் வழியாகப் பற்றவைக்கும் முனைக்குத் தள்ளும். அந்தத் தள்ளல் ஒரு நொடி தடுமாறினால் போதும், பற்றவைப்பு அறுந்துபோகும். கம்பி முனையிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். மனிதன் என்றால் கையை நிதானித்துக்கொள்வான். ரோபோவுக்கு அந்த நிதானம் கிடையாது.

முதல் நாள் முருகையா உருளையின் திருகை இறுக்கினார். முப்பத்தைந்து வருஷ அனுபவம் அப்படித்தான் சொன்னது. கம்பி நசுங்கி இன்னும் மோசமாகச் சிக்கியது. மறுநாள் முனையை மாற்றினார். மூன்றாம் நாள் ஒரே ஷிஃப்டில் பதினெட்டு முறை நின்றது. சுல்கிப்லி ரோபோவைச் சுற்றிப் போட்டிருக்கும் மஞ்சள் பாதுகாப்பு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, பதினெட்டு என்று நோட்டில் குறித்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூட முருகையாவுக்கு அன்று சோறு இறங்கியிருக்கும்.

நாலாம் நாள் பராமரிப்புப் பிரிவிலிருந்து கமருன்னிசா வந்தாள். சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடைக்காரர் மகள். பதினைந்து வருஷமாக இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவள். அவள் திருகைத் தொடவே இல்லை. குழாயைக் கழற்றி, ஒரு முனையில் வெள்ளைத் துணியைக் கட்டி, மறுமுனையில் காற்றை அடித்தாள். துணியில் சிவப்பாகப் பொடி விழுந்தது.

துரு என்றார்கள் எல்லாரும். கம்பி விற்றவன் துருப்பிடித்த சரக்கைத் தள்ளிவிட்டான், அத்தனை ட்ரம்மையும் திருப்பி அனுப்பிப் புகார் கொடுக்கலாம் என்று சுல்கிப்லி ஃபோனை எடுத்தார்.

முருகையா துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு முந்தின வாரம்தான் சரஸ்வதி பூசை. வருஷா வருஷம் ரோபோவுக்குப் பொட்டு வைப்பது அவர்தான். மற்றவர்கள் இயந்திரத்தின் உடம்பில் வைப்பார்கள். அவர் மற்றவர்கள் மாதிரியா? ட்ரம்மின் மூடியைத் திறந்து, கம்பிச் சுருளின் மேலேயே ஒரு கைப்பிடி குங்குமத்தைத் தூவியிருந்தார். ஒவ்வொரு முழம் கம்பியும் அம்மனைத் தொட்டுக்கொண்டு போகட்டும் என்று. வீட்டுக்குப் போய் மனைவி பாப்பம்மாவிடம் அதைப் பெருமையாக வேறு சொன்னார். மிஷினுக்குத் தும்மல் வராதா என்று அவள் கேட்டதற்கு, உனக்கென்ன தெரியும் என்று சிரித்திருந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் துரு துருவாகவே போய்விடும். கம்பி விற்றவன் யாரோ எவனோ. ஒப்பந்தத் தாளோ இன்னும் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. துணியை விரலால் தேய்த்து முகர்ந்தார். மஞ்சள் வாசம்.

"போஸ், ஃபோன வைங்க," என்று மேனேஜரைத் தடுத்தார். "இது துரு இல்ல. குங்குமம். நான்தான் போட்டேன்."

கமருன்னிசா துணியை மெதுவாக மடித்தாள். "வாசத்துலயே எனக்குத் தெரிஞ்சிருச்சுண்ணே. நீங்களே சொல்லட்டும்னுதான் இருந்தேன்லா."

சுல்கிப்லி ஃபோனைப் பாக்கெட்டில் போட்டார். "அண்ணே, பூசைய நான் வேணாம்னு சொல்லல. வேலிக்கு வெளிய வச்சுக்குங்க. உள்ள வர்றது சாமியே ஆனாலும் சேஃப்டி ஷூ போடணும்."

முதலில் சிரித்தது முருகையாதான். சிரிப்போடு கண்ணும் நனைந்ததை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

கறைபட்ட ட்ரம்மை ஒதுக்கினார்கள்; குழாயைப் புதிதாக மாற்றினார்கள். கம்பி உள்ளே நுழையும் இடத்தில், அதைத் துடைத்து அனுப்ப ஒரு கம்பளித் துண்டைக் கமருன்னிசா கவ்வவிட்டாள். திருகை அவர் இறுக்கியதில் பாதிக்குத் தளர்த்தினாள். வாழ்நாளில் யாரிடமும் பாடம் கேட்காதவர், பக்கத்தில் நின்று டார்ச் லைட் பிடித்தார். மறுநாள் ஷிஃப்ட் முழுவதும் ரோபோ ஒரு முறைகூட நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது.

இப்போதும் அவர் பெருமை பேசாமல் இல்லை. பேச்சுதான் கொஞ்சம் மாறியிருக்கிறது. இத்தனை பெரிய மனசுக்காரர்களோடு வேலை செய்கிற யோகம் கெடா மாநிலத்தில் வேறு எந்த வெல்டருக்கு வாய்த்தது என்று கேட்கிறார். பாப்பம்மா கேட்ட தும்மலையும் மறக்காமல் சேர்த்துச் சொல்கிறார்.

இந்த வருஷப் பூசைக்கு மஞ்சள் வேலியின் கம்பத்துக்குத்தான் பொட்டு வைத்தார். வேலிக்கு உள்ளே கமருன்னிசா ட்ரம் மூடியின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். சூடம் அணைந்து, அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து காட்டிய பிறகுதான் மூடியிலிருந்து தன் கையை எடுத்தாள்.