மூன்றாம் அறையின் சூடு

அன்றைக்குக் கொட்டகையில் இருந்தது இரண்டு பேர்: நானும், முட்டை அடுக்கும் அக்காவும். முதலாளி இல்லை. ஆயுத பூஜை என்பதால் ஆரப்பாளையத்தில் தன் தீவனக் கடையில் சாமி கும்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். மிஷினை மாட்டிக் கொடுத்த மெட்ராஸ் பிட்டரும் இல்லை. அவர் ரயிலேறி எட்டு மாதம் ஆகியிருந்தது. இருவரில் ஒருவராவது அன்று இருந்திருந்தால் என்று பல வருஷம் நினைத்தேன். இப்போது நினைப்பதில்லை. விஷயம் புரிந்த ஆள் ஒருவர் அங்கே இருந்தார். நான்தான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

சமயநல்லூருக்கு அப்பால், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்தக் குஞ்சு பொரிப்பகம். எழுபதுகளின் கடைசி அது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்திருந்தேன். “படிச்ச பய. இனிமே மெட்ராஸ்காரனுக்கு ரயில் சார்ஜ் அழ வேணாம்” என்று சொல்லித்தான் முதலாளி வேலை கொடுத்தார்.

மிஷின் என்பது ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மரப்பெட்டி. உள்ளே மூன்று அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஹீட்டர், தண்ணீர் ஓடும் செம்புக் குழாய் ஒன்று, சூட்டை உணரும் தெர்மாஸ்டாட் ஒன்று. சூடு குறைந்தால் பேனல் போர்டு அந்த அறையின் ஹீட்டரைப் போடும். கூடினால் ஹீட்டரை நிறுத்திக் குழாயில் தண்ணீரைத் திறந்துவிடும். புது முட்டைக்கு வெளிச்சூடு வேண்டும். பதினெட்டு நாள் முட்டைக்குள் இருக்கும் குஞ்சோ தானே சூட்டைக் கக்கும், அதைக் குளிர்விக்க வேண்டும். அதனால்தான் அறைக்கு அறை தனிக் கட்டுப்பாடு. அன்றைக்கு முதல் அறை புது முட்டைக்காகக் காலியாக இருந்தது. நடு அறையில் பத்து நாள் முட்டை. மூன்றாம் அறையில் பதினெட்டு நாள் முட்டை, இரண்டாயிரத்து நூறு.

அந்த ஈடு நல்லபடியாகப் பொரித்தால் அக்காவை மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அதுவரை தினக்கூலி. பரவையிலிருந்து பஸ்ஸில் வருவார். இரண்டு பிள்ளைகள். “இந்தா இருக்குதுக பாரு, இதுகதேன் என்னய பர்மனென்ட் பண்ணப் போற ஆபீசருக” என்று மூன்றாம் அறைக் கதவைத் தட்டிச் சிரிப்பார்.

காலையில் பேனலைத் துடைத்துச் சந்தனம் வைக்க ஒரு மணி நேரம் மிஷினை நிறுத்தினோம். சும்மா துடைத்தால் போதும். எனக்குப் போதவில்லை. தெர்மாஸ்டாட் ஒயர்களைக் கழற்றி, திருகாணிகளைப் பெட்ரோல் போட்டுப் பளபளக்க வைத்தேன். அந்த ஒயர்களைப் போன மாதம் நான்தான் புதிதாக இழுத்திருந்தேன். கடையில் சிவப்பு மட்டுமே கிடைத்ததால் எல்லாம் சிவப்பு. அடையாளத்துக்கு ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் எண் போட்டிருந்தேன்.

“ஒயரையும் தொடைக்கவா தம்பி?”

“நல்லா அழுத்தித் தொடைங்கக்கா.”

ஈரத்துணியால் துடைத்தார். திரும்பிப் பார்த்தபோது பிளாஸ்திரியில் எண் இல்லை, நீலக் கறைதான் இருந்தது.

பேட்டரியும் பல்பும் வைத்துப் பார்த்தால் எந்த ஒயர் எந்த அறைக்குப் போகிறது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் புது முட்டையை உள்ளே வைத்துவிட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. ஒயர் வளைந்து நின்ற வாகைப் பார்த்து, நினைவை நம்பி மாட்டினேன். புது முட்டையை முதல் அறையில் அடுக்கிவிட்டு, போர்டின் மேலே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டினோம்.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் அறை நூற்றியொரு டிகிரி பாரன்ஹீட் காட்டியது. தொண்ணூற்றொன்பதரை இருக்க வேண்டும். அதன் ஹீட்டர் விளக்கு அணையவே இல்லை. ஹீட்டருக்குக் கரண்டைப் போட்டு நிறுத்தும் காண்டாக்டர் ஒட்டிக்கொண்டது என்று முடிவு செய்து, மெயினை நிறுத்தி அதை உப்புத்தாளால் தேய்த்தேன். மெயினை நிறுத்தினால் அறைகளுக்குள் சுற்றும் காற்றாடியும் நின்றுவிடும், முட்டைகளின் சூடு அங்கேயே தேங்கும். திரும்பப் போட்டபோது நூற்று மூன்று.

தெர்மாஸ்டாட்டைத் திருகினேன். கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். என் கண் மூன்றாம் விளக்கை விட்டு நகரவில்லை.

“தம்பி, நீ மூணாவதத் திருகுறப்பெல்லாம் மொத அறக் கொழாயில தண்ணி ஓடுது, நிக்குது. சத்தத்தக் கேளு.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லக்கா. அது வேற சர்க்யூட்டு.”

“என்ன சர்க்யூட்டோ! புது முட்ட ஐஸாக் கெடக்கு, இங்கிட்டு வேகுது.”

மூன்றாம் அறையைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து, தன் மூடிய இமையில் வைத்துச் சூடு பார்த்தார். சட்டென்று எடுத்துவிட்டார். அட்டையால் விசிறத் தொடங்கினார். நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

“தொறந்தா ரீடிங் தப்பாக் காட்டும்.”

“ஏப்பா, ரீடிங்கா பொரிக்கப் போவுது?”

“படிச்சவன் நானா நீங்களாக்கா?”

அவர் அட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றார்.

மூன்று மணிக்கு நூற்றியேழு. இன்னொரு தடவை மெயினை நிறுத்தப் போனபோதுதான் எனக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, முதல் அறையிலிருந்து. ஒன்றாம் அறை ஒயரும் மூன்றாம் அறை ஒயரும் இடம் மாறியிருந்தன. மூன்றாவது சுடுகிறது என்ற சேதிக்கு முதல் அறைக்குத் தண்ணீர் ஓடியது. முதலாவது குளிர்கிறது என்ற சேதிக்கு மூன்றாம் அறையில் ஹீட்டர் எரிந்தது. நான் திருகத் திருக இரண்டும் மோசமாயின. ஒயர்களை மாற்றிப் போட இரண்டு நிமிஷம் ஆனது.

அக்கா ஒவ்வொரு முட்டையாகப் பல்புக்கு முன் பிடித்துப் பார்த்தார். அசைவு இல்லை. பிறகு ஒன்றை உடைத்தார். மஞ்சள் மயிரெல்லாம் முளைத்த முழுக் குஞ்சு, கழுத்தை மடக்கிக்கொண்டு கிடந்தது. உள்ளங்கையில் வெகுநேரம் வைத்திருந்தார்.

ஐந்து மணிக்கு முதலாளி பொரிகடலைப் பையோடு வந்து, உடைந்து கிடந்த முட்டையைப் பார்த்தார்.

“எவன் போர்டுல கைய வச்சது?”

“ஒயர் மாறிப் போச்சு மொதலாளி” என்றேன். யார் மாற்றியது என்று சொல்லவில்லை.

“எப்பிடி மாறும்?”

“நாந்தேன் ஈரத்துணி போட்டுத் தொடச்சேன். நம்பரு அழிஞ்சு போச்சு” என்றார் அக்கா. துடைக்கச் சொன்னது யார், பார்க்காமல் மாட்டியது யார் என்பதை நான் சொல்வேன் என்று என்னைப் பார்த்தார். நான் சந்தனம் காய்ந்திருந்த போர்டைப் பார்த்தேன்.

“கரண்டுப் பெட்டிக்கு ஈரத்துணியா? நாளைலேருந்து வராத.”

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அக்கா ரோட்டுக்கு நடந்தார். பொரியை முதலாளி என் கையில் கொடுத்தார்.

இருபது நாள் கழித்து, தூக்கம் கெட்டு, முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். வேலை போகும் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் தீவனச் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும்டா. ஒன்னய அனுப்பிட்டா போர்ட யாரு பாக்குறது? முட்ட அடுக்க ஆளா இல்ல? போய் வேலயப் பாரு.”

போய் வேலையைப் பார்த்தேன். என் பஸ் தினமும் பரவை வழியாகத்தான் போனது. ஒரு நாளும் இறங்கவில்லை.

பொரிக்காமல் போன குஞ்சுகளுக்கு முதலாளி போட்ட நஷ்டம் ஐயாயிரத்து நூறு ரூபாய். அடுத்த இரண்டு ஈட்டில் அதை எடுத்துவிட்டார். அக்காவுக்கு அந்த மாதம் சேர வேண்டிய பதினோரு நாள் கூலியை அவர் கொடுக்கவே இல்லை. நாளுக்கு ஐந்து ரூபாய் வீதம், ஐம்பத்தைந்து ரூபாய்.