முதலில் மூச்சை விடுங்கள்

கண் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கிற வேலை என்பது, பயந்து வருகிறவர்களிடம் 'பயப்படாதீங்க' என்று சொல்லியே பிழைப்பது. தொண்ணூறுகளில் ராமநாதபுரத்தில் எனக்கு அந்தப் பிழைப்பு. புரை எடுக்க வருகிறவர்களுக்குப் பிரஷர் எகிறியிருந்தால் டாக்டர் தொடமாட்டார், ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார். கையில் பட்டையைச் சுற்றியதுமே பாதிப் பேருக்கு எகிறிவிடும். நிதானமாக மூச்சு விடவைத்து இறக்குவது என் தலையில். நர்ஸ் வேலை பார்த்து நொந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

பாசி எடுக்கிறவர்

மண்டபத்திலிருந்து, கடலில் முங்கிப் பாசி எடுக்கிற அம்மா ஒருவர் வந்தார். "மூச்சை நல்லா இழுங்க" என்றேன். இழுத்தார். பட்டையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால், இன்னும் விடவில்லை. கண்ணை மூடிச் சாந்தமாக இருக்கிறார். பதறிப்போய் உலுக்கினேன். சாவகாசமாக மூச்சை விட்டுவிட்டுச் சொன்னார்: "இழுன்னுதான சொன்னீக? பாசி கைக்கு வாராம நாங்க விடுறதில்ல தாயி."

கமுதிப் பெரியவர்

அதிலிருந்து எல்லோரிடமும் 'முதல்ல விடுங்க' என்றுதான் ஆரம்பிப்பேன். கமுதிப் பக்கத்து நிலக்காரர் ஒருவரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் அசையவில்லை. கூட வந்திருந்த பண்ணை ஆளைப் பார்த்து, "ஏலே, அம்மா சொல்றதச் செய்யி" என்றார். அந்த மனிதர் சிரத்தையாக இழுத்து விட்டார். கொஞ்ச நேரத்தில் சுவரில் சாய்ந்து தூங்கியே போனார். பெரியவரின் பிரஷர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"உங்க மூச்ச நீங்கதான் விடணும்யா" என்று மெல்லச் சொன்னேன். வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தார், நன்றாகவே இறங்கியது. ஆபரேஷனுக்குப் போகும்போது ஆளை எழுப்பிச் சொன்னார்: "இங்கன நடந்தத ஊர்ல சொல்லிப்புடாதலே."

அழக்கூடாத மாதம்

சாயல்குடிப் பக்கத்து அம்மா ஒருவருக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணையும் புரை மூடிக்கொண்டிருந்தது. பிரஷரால் ஏற்கெனவே திரும்பிப் போனவர். அன்றும் எவ்வளவு மூச்சு விட்டும் இறங்கவில்லை. "ஆபரேஷனுக்குப் பயமா?" என்றேன்.

"அதுக்கு என்ன பயம்? முடிஞ்சபெறகு ஒரு மாசம் அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மகன் செத்ததுலருந்து பொழுது சாஞ்சா எனக்கு அழுக வந்துருது. நான் எப்படித் தாயி இருப்பேன்?"

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அழுகை முட்டும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், மெதுவாக மூச்சை விடுங்கள், அப்புறம் இழுங்கள், மறுபடி விடுங்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினேன். கையில் ஒரு வழி கிடைத்ததும் அவருக்குத் தைரியம் வந்தது. பிரஷர் இறங்கி, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

ஒரு மாதம் கழித்துக் காட்ட வந்தார். கண்ணிலிருந்து ஒரு சொட்டு விடவில்லையாம். பையிலிருந்து மகனின் போட்டோவை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "மொகம் தெளிவாத் தெரியுது தாயி. இன்னைக்கு அழுதுக்கிறட்டுமா?"

அழுங்கம்மா என்றேன், ஊருக்கெல்லாம் பிரஷரை இறக்கிவிட்ட எனக்கு, அன்றைக்கு எகிறியதை இறக்கத்தான் ஆளில்லை.