விறகு மெஷின் வால்வு

டெல்மருக்கு வலது முழங்கை போய்விட்டது. பாதி ஆயுளை அமெரிக்காவின் ஓசார்க் மலையில் கத்தி அடித்தே கழித்ததற்குக் கிடைத்த கூலி. இனி சுத்தியலைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வேலை தெரிந்தவனிடம் சொல்ல வேண்டிய பேச்சு அது. சுத்தியலுக்குப் பதில் காய்ச்சிய இரும்பை அழுத்தித் தரும் ஒரு ஹைட்ராலிக் பிரஸ் அமைந்தால் பிழைப்பு ஓடும். இல்லாவிட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். புதிதாக வாங்க அவனுக்கு வக்கில்லை. பார்த்த பழசுகளில் ஒன்று எண்ணெய் ஒழுகியது, இன்னொன்றின் சட்டத்தில் வெல்டிங் விட்டிருந்தது.

கடைசியில் இன்னொரு கத்திக்காரன் ராய்ஸ் டாக்கெட் வீட்டுக்குப் போனான். அவன் விற்க வைத்திருந்தது அவனே செய்த பிரஸ். போன குளிர்காலத்தில் அதுதான் அவனுடைய இடது கையில் மூன்று விரலைத் தின்றது.

"வாய்யா. அதுக்கு என்னைத்தான் பிடிக்கும், உன்னை ஒண்ணும் பண்ணாது" என்று ராய்ஸ் சிரித்தான். டெல்மருக்குச் சிரிப்பு வரவில்லை.

வாங்க வருகிறவன் தன் இரும்பைக் கொண்டுவந்து, விற்பவன் உலையிலேயே காய்ச்சி அழுத்திப் பார்ப்பது கத்திக்காரர்கள் வழக்கம். டெல்மர் லிவரைப் பாதி அழுத்தியபோது பிரஸ் அருமையாக வேலை செய்தது. முழுக்க அழுத்திவிட்டுக் கையை எடுத்தான். தானாகத் திரும்ப வேண்டிய லிவர் திரும்பவில்லை. இரும்பை அழுத்தும் மேல்கட்டை இறங்கிக்கொண்டே இருந்தது. பதறிப்போய் லிவரை இழுத்து நிறுத்தினான்.

குனிந்து பார்த்தான். விறகு பிளக்கும் மெஷினில் இருந்து கழற்றிய வால்வு. அந்த மெஷினில், விறகைப் பிளந்த ஆப்பு திரும்பிப் போகும்போது லிவர் தானாகப் பூட்டிக்கொள்ளும், ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதற்காக. லிவரைக் கீழே தள்ளினால் மேல்கட்டையும் கீழே வரட்டும் என்று ராய்ஸ் எண்ணெய் போகும் இரண்டு ஹோஸையும் இடம் மாற்றி மாட்டியிருந்தான். அதனால் பூட்டு, இறங்கும் பக்கத்துக்கு வந்துவிட்டது. விரலைத் தின்றது இந்தப் பூட்டுதான்.

"விரல் போன அன்னிக்குப் பம்புல ஏதோ கோளாறு, அப்பவே மாத்திட்டேன்" என்றான் ராய்ஸ். "என் கெட்ட நேரம். யாரைக் குத்தம் சொல்றது?"

டெல்மர் நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டான். கெட்ட நேரம் என்று சொல்லித்தான் இவன் மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறான், அதையும் ஏன் பிடுங்க வேண்டும்? வாங்கிக்கொண்டு போய்ச் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம். விலை பேசி முடித்து, டிரெய்லரில் ஏற்றிச் சங்கிலி போடும்போது ராய்ஸ் சொன்னான்:

"என் மச்சான், வேட்னு பேரு, அவனுக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்திருக்கேன். தினம் ஓட்டறான்."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. டெல்மர் எல்லாவற்றையும் சொன்னான். ராய்ஸ் முதலில் வேடுக்கு போன் போட்டு, பிரஸ் பக்கமே போகாதே என்றான். அப்புறம் குனிந்து அந்த இரண்டு ஹோஸையும் தடவிப் பார்த்தான்.

"மாத்தி மாட்ட எவ்வளவு நேரம் ஆவும்?"

நாள் கணக்கில் ஆகும் என்று பொய் சொல்லியிருந்தால் அவன் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். டெல்மருக்கு வரவில்லை.

"பத்து நிமிஷம்."

ராய்ஸ் உள்ளே போய் ஸ்பேனர் எடுத்துவந்தான். நானே மாட்டுகிறேன் என்று டிரெய்லரில் ஏறினான். இடது கையில் மிச்சமிருந்த இரண்டு விரலில் நட்டு நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்தான். உதவிக்குப் போனால் அழுதுவிடுவோம் என்று பயந்து, டெல்மர் நின்ற இடத்திலேயே நின்றான்.