அவசரத்துக்கு வைத்த பெட்ரோல்

என் அக்கா பூரணத்துக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேரிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவள் ஸ்டீரிங்கைப் பிடித்து யாராவது பார்த்திருந்தால்தானே?

எழுபதுகளில் அத்தானுக்கு ஈப்போவுக்கு மாற்றல் வந்தது. பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று அக்கா இங்கேயே தங்கிவிட்டாள். வாசலில் கார் சும்மா நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, தெருமுனை டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மேட்டில் நிறுத்தி, பின்னால் நழுவாமல் எடுக்க வேண்டும் என்பார்களே, பெரிய பெரிய ஆம்பிளைகளே வேர்த்து வழியும் அந்தப் பரீட்சையில் முதல் தடவையே தேறினாள். அத்தான் விடுமுறைக்கு வந்தபோது செய்தியைக் கேட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டார். கேக் வாங்கி வந்து வெட்டினார்.

"வெரி குட் பூரணம். அவசரத்துக்கு உதவும்" என்றார்.

அந்த அவசரம் பிறகு வரவே இல்லை. வருஷா வருஷம் அத்தானே தபாலாபீசுக்குப் போய் அவளுடைய லைசென்சைப் புதுப்பித்துக்கொண்டு வந்து அலமாரியில் வைப்பார். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. ஈப்போவில் இருந்தபோதும் சரி, திரும்பி வந்த பிறகும் சரி, சாவியை மட்டும் கொடுத்ததில்லை.

அத்தான் வீரசிங்கத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் என் கணவர் எழுந்து வெளியே போய்விடுவார். அத்தானைக் கஞ்சன் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். கோயிலுக்குக் கொடுப்பார், கஷ்டப்பட்ட சொந்தக்காரர்களுக்குக் கேட்காமலே கொடுப்பார். அவருடைய வியாதி வேறு. நல்ல பொருள் எதையும் பயன்படுத்த அவருக்கு மனசு வராது. அவர் வீட்டு சோபாவில் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது. மத்தியான வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தால் புடவை கூடவே வராது. சீமையிலிருந்து வந்த பூப்போட்ட கோப்பைகள் கண்ணாடிப் பீரோவுக்குள் இருக்கும். நமக்கு மெலமைன் கோப்பையில் டீ வரும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அக்கா சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

அவள் சிரிக்காத விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது.

"எனக்கு நகை வேணாம், துணி வேணாம் தங்கம். ஒரு நாள் நானா கிளம்பி, நானா ஓட்டிக்கிட்டு கிள்ளானுக்கு உன் வீட்டுக்கு வரணும்லா. வந்து, எழுந்திரிக்கணும்னு எனக்கா தோணுற வரைக்கும் உட்காரணும்" என்பாள்.

கேட்பவர்களுக்கு இது என்ன பெரிய ஆசை என்று இருக்கும். அத்தான் அவளை என் வீட்டுக்கு அழைத்துவரும் அழகைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். டீயைக் குடித்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் குலுக்க ஆரம்பிப்பார். "ஃபெடரல் ஹைவேயில ஜாம் ஆயிடும், கிளம்பு" என்பார். நாங்கள் ஒரு கதையைத் தொடங்கி நடுவில் விட்டிருப்போம். அடுத்த முறை வரும்போது எங்கே விட்டோம் என்று இரண்டு பேருக்கும் மறந்திருக்கும். சரி, பஸ் பிடித்து வாயேன் என்றால், வீட்டில் கார் வைத்துக்கொண்டு பெண்டாட்டியை பஸ்ஸில் அனுப்புவதா என்று அதற்கும் தடை.

தொண்ணூறுகளில் அத்தான் ஓய்வு பெற்றார். அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூர் டாக்சிகள் கேஸில் ஓட ஆரம்பித்தன. பெட்ரோல் கார்தான், பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் ஒரு பெரிய சிலிண்டரைப் பொருத்திவிடுவார்கள். டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் தட்டினால் கேஸ், மறுபக்கம் தட்டினால் பெட்ரோல். செலவு பாதிக்குப் பாதி என்றார்கள். அத்தானுக்கு வேறென்ன வேண்டும்? தன் பழைய ஜப்பான் காரைக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். பூட்டில் ஒரு மார்க்கெட் கூடை வைக்கக்கூட இடமில்லை. அதனாலென்ன, மடியில் வைத்துக்கொள்ள அக்கா இருந்தாளே.

கேஸ் நிரப்பும் ஸ்டேஷன்கள் ஊரில் அதிகம் கிடையாது. டாக்சி வரிசையில் அத்தானும் போய் நிற்பார். டாக்சிக்காரர்கள் எல்லாம் அவருக்குச் சினேகிதர்கள் ஆனார்கள். கேஸ் அடிக்கும்போது வண்டியில் ஆள் இருக்கக்கூடாது என்பதால், கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு அக்கா ஓரமாக இறங்கி நிற்பாள். டாக்சிக்காரர்கள் "ஆன்டி, நல்லா இருக்கீங்களா?" என்பார்கள். அவளும் வாய் நிறையப் பேசுவாள்.

சிலிண்டர் பொருத்துவதற்கு முன்னால் அத்தான் ஒரு காரியம் செய்தார். பெட்ரோல் டாங்கை வாய் முட்ட நிரப்பினார். "அவசரத்துக்கு" என்றார். அதன் பிறகு அந்தப் பெட்ரோலில் ஒரு சொட்டுக்கூட அவர் செலவழிக்கவில்லை. மாதங்கள் போய் வருஷமாகி, அதுவும் இரண்டாகிவிட்டது. பெட்ரோல் முள் உச்சியில் நிற்பதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்.

பிரிக்பீல்ட்ஸில் கார் வொர்க்‌ஷாப் வைத்திருந்த நசீருதீன்தான் அவருக்கு சர்வீஸ் செய்பவர். ஒவ்வொரு தடவையும் சொல்லிப் பார்த்தார்.

"அங்கிள், தினம் காலையில கொஞ்ச தூரம் பெட்ரோல்ல ஓட்டுங்க. சும்மா வெச்சிருந்தா கார்பரேட்டர் காஞ்சு போயிடும்லா."

"அந்தப் பக்கம் உபயோகிக்கிறதே இல்லை நசீர். புத்தம் புதுசா இருக்கும். நீ அதைத் தொடவே வேணாம்" என்பார் அத்தான். ஆயில் மாற்றச் சொல்வார், பிளக்கைத் துடைக்கச் சொல்வார். பெட்ரோல் குழாய் போகும் பக்கம் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது.

என் மூத்த மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்குவார்கள். தட்டார் வீட்டுக்கே வந்து, குறித்த நேரத்தில் ஒரு பொற்காசை நெருப்பில் உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. அந்தக் காசைத் தான்தான் தருவேன் என்று அக்கா என் மகன் பிறந்த நாளிலேயே சொல்லிவிட்டாள். பொன்னுருக்கும் நாள் காலை அந்தக் காசைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அத்தானோடு கிளம்பினாள்.

வழியில் கேஸ் ஸ்டேஷனில் வரிசை தெரு வரைக்கும் நின்றது. கேஸ் அளவைக் காட்டும் விளக்குகளில் கடைசி ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது. அத்தான் வரிசையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பரவாயில்லை. பெட்ரோல் இருக்கே!" என்றார்.

அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். எத்தனையோ நாள் காத்திருந்த அவசரம் ஒருவழியாக வந்துவிட்டதாம். ஹைவேயில் பத்து தீகா என்ற இடத்து டோல் சாவடிக்கு முன்னால் கேஸ் தீர்ந்தது. அத்தான் சாமி கும்பிடுவதுபோல் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து, சுவிட்சை மறுபக்கம் தட்டினார். கார் இருமியது, குலுங்கியது, ஓரமாகப் போய் நின்றது. அதன்பிறகு என்ன திருகியும் உயிர் வரவில்லை. முள் மட்டும் உச்சியிலேயே நின்றது.

இங்கே கிள்ளானில் தட்டார் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பார்த்து என்னை முறைத்தார். நான் கேட்டுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். வேறு காசு எடுத்து உருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நான் பார்த்த பார்வையில் அவர் சாப்பாட்டுப் பந்தல் பக்கம் போய்விட்டார்.

அங்கே ஹைவேயில் ஒரு லோரி வந்து நின்றது. செலாயாங் மார்க்கெட்டில் தேங்காய் இறக்கிவிட்டுக் கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பக்கிரிசாமி என்பவர் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"கயிறு இருக்கு அங்கிள். கட்டி இழுத்துட்டுப் போயிடலாம். நீங்க ஸ்டீரிங்க மட்டும் பிடிச்சுக்கிட்டா போதும்."

அத்தான் பிடித்தார். ஆனால் இழுபடும் காரில் அவர் உட்கார்ந்து பழக்கமில்லை. என்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லுமாதிரி இருக்கும். லோரி மெதுவானதும் பதறிப்போய் இரண்டு காலாலும் மிதித்தார். கயிறு அறுந்தது. முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். மறுபடியும் மிதித்தார், மறுபடியும் அறுந்தது. அத்தானின் கோபம் பக்கிரிசாமி மேல் பாய்ந்தது.

"அங்கிள், கயிறு இனிமே முடிச்சுப் போடுற அளவுக்கு இல்லலா" என்றார் அந்த மனிதர் பாவமாக.

அக்கா தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"இறங்குங்க. நான் பிடிக்கிறேன்."

"உனக்குப் பழக்கம் விட்டுப்போச்சே, பூரணம்."

"உங்களுக்குப் பழக்கம் இருந்து என்னாச்சு? பிள்ளைக்கு நேரம் போகுதுங்க. இறங்குங்க."

அத்தான் இறங்கினார். லோரியில் ஏறி பக்கிரிசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாராம். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கயிறு தொய்யாமலும் வெடுக்கென்று இழுபடாமலும் பார்த்து, பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி ஓட்டினாள். டோலில் இருந்த பெண் எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். அக்காவும் அசைத்தாள்.

நான் கேட்டில் நின்று பார்க்கிறேன், தெருவுக்குள் ஒரு தேங்காய் லோரி திரும்புகிறது. அதற்குப் பின்னால் அத்தானின் கார். உள்ளே என் அக்கா, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி ஒரு முகத்தோடு வருகிறாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. அத்தான் பட்டுவேட்டி முழுக்கத் தேங்காய் நாரோடு இறங்கினார். காசு நேரத்துக்கு உருகியது. பக்கிரிசாமியையும் உட்கார வைத்து இலை போட்டோம். சாப்பிடும்போது அத்தான் யாரையும் பார்க்காமல், "பிரேக்கைச் சரியாத்தான் பிடிச்சா" என்றார்.

காரை நசீருதீன் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் வொர்க்‌ஷாப்பில் நானும் கூட இருந்தேன், வேண்டுமென்றே போயிருந்தேன். கார்பரேட்டரைத் திறந்தால் உள்ளே பழுப்புப் பிசின் அப்பியிருந்தது. டாங்கிலிருந்து வடித்த பெட்ரோல் பெயின்ட் கடை மாதிரி நாறியது. அது தகர டின்னில் விழ விழ அத்தான் துக்க வீட்டில் நிற்பவர்போல் நின்றார்.

"பெட்ரோல் என்ன ஊறுகாயா அங்கிள், வெச்சிருந்தா ருசி கூடுறதுக்கு?" என்றார் நசீருதீன். "இனிமே தினம் கொஞ்சம் பெட்ரோல்ல ஓடியே ஆகணும். மருந்து மாதிரி நினைச்சுக்குங்க."

"வாசல்ல நிக்க வெச்சே கொஞ்ச நேரம் எரிச்சா ஆகாதா?"

"ஓடணும் அங்கிள். நல்லா ஓடணும்."

கேஸ் இருக்கும்போது தன் காலாலேயே பெட்ரோலை எரிக்க அத்தானால் முடியாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"நான் ஓட்டுறேன்" என்றாள் அக்கா.

"நீயா? எப்பவாவது அவசரம்னா சரி..."

"அவசரத்துக்குன்னு அந்தப் பெட்ரோலை வெச்சீங்க. என்னையும் அப்படித்தாங்க வெச்சிருக்கீங்க."

அவள் சத்தம் போடவில்லை. நசீருதீன் சட்டென்று பானெட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். என் நாக்கு நுனி வரைக்கும் ஏதேதோ வந்தது. அத்தான் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அவர் நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார். இத்தனை வருஷமும் அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதாகத்தான் அந்த மனிதர் நம்பியிருந்தார். சட்டைப் பையில் கையை விட்டார். சாவி அங்கே இல்லை, காரில் இருந்தது. எடுத்துவந்து அவள் கையில் வைத்தார்.

"கேஸ் ஓட்டம் எனக்கு. பெட்ரோல் ஓட்டம் உனக்கு" என்றார்.

முதல் சில நாள் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்காட் ரோடு கோயில் வரைக்கும் போய் வந்தார். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வலித்தது. பெட்ரோல் முள் இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்க்க அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "நீயே போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

ஒரு புதன்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஹாரன் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அக்கா தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு, ஏதோ தினமும் வருகிறவள் மாதிரி இறங்கினாள். டீ குடித்தோம். சொதி வைத்துச் சாப்பிட்டோம். பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். மழை வந்து ஓய்ந்தது. இடையில் பழக்க தோஷத்தில் நான்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவளாகவே எழுந்தாள். நான் வழியனுப்பக் கேட் வரைக்கும் போனேன். அவள் காரில் ஏறிச் சாவியைத் திருகினாள். பிறகு இந்தப் பக்கம் சாய்ந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறு தங்கம். உனக்கு எங்கே போகணும், சொல்லு."

எனக்கு லைசென்ஸ் கிடையாது. அப்பா ஓட்டிய காரில், கணவர் ஓட்டிய காரில், மகன் ஓட்டும் காரில் ஏறி, அவர்கள் போகும் இடத்துக்கெல்லாம் போய் வந்தவள். ஐம்பது வயது தாண்டிய எனக்கு எங்கே போகவேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் யோசித்தேன். ஒரு இடமும் தோன்றவில்லை.

"முதல்ல வண்டிய எடு அக்கா. போயிக்கிட்டே யோசிக்கிறேன்" என்று சொல்லி, செருப்புகூட மாற்றாமல் ஏறி உட்கார்ந்தேன்.