டீச்சர் வீட்டுக் கொலுவில் என் மயில் கழுத்துப் பட்டு

தசரா லீவுக்கு முன் டீச்சருக்கு என்ன கொடுப்பது என்று ஒரு வாரமாக எனக்கு நிம்மதியில்லை. என் பெண் விஜி கடைசி பெஞ்சு. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கமாட்டாள்.

அதே வகுப்பில் பிள்ளையைப் படிக்கவைக்கும் எதிர்வீட்டு மாமி வேறு பயமுறுத்தினாள். "எல்லாரும் பட்டு ரவிக்கைத்துணி கொடுக்கறா. நீ நூல் துணியோட போய் நின்னா, உன் குழந்தையைத் திரும்பிப் பார்ப்பாளா?"

பி.ஏ. படித்து என்ன, பயந்துவிட்டேன். மயில் கழுத்து நிறத்தில் பட்டு வாங்கினேன். எனக்கென்று அப்படி ஒன்று எடுத்ததே இல்லை. கொடுப்பதற்கு முன் கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தேன்.

இன்று சாயங்காலம் டீச்சர் வீட்டுக் கொலுவுக்கு அம்மாக்கள் எல்லாரும் குழந்தைகளோடு போயிருந்தோம். மல்லேஸ்வரம் முழுக்க மழை ஈரம். ஜட்கா வண்டியின் மணிச் சத்தம் எங்கோ தூரத்தில் தேய்ந்துபோனது. விளக்கொளியில் பொம்மைகள் மெல்ல மூச்சு விடுவதுபோல் இருந்தது.

டீச்சர் ஒவ்வொருவருக்கும் தட்டில் ரவிக்கைத்துணி வைத்துத் தாம்பூலம் கொடுத்தார்.

பூ மட்டும் கொண்டுவந்திருந்த, விஜியோடு படிக்கும் செல்வியின் அம்மா தட்டில் என் மயில் கழுத்து!

மாமி கொடுத்த பட்டு எனக்கு. மாமிக்கு யாரோ கொடுத்த நூல் துணி.

என் முகத்தைப் பார்த்து டீச்சர் சிரித்தார். "விஜியைப் போன மாசமே முன் பெஞ்சுக்கு மாத்திட்டேனே, சொல்லலையா?"

வழியில் விஜியைக் கேட்டேன். "ஏன்டி சொல்லலை?"

"நீ கேக்கலையேம்மா."

அடுத்த தசராவுக்கு எவ்வளவு செலவழிக்கலாம், நீங்களே சொல்லுங்கள். நிறத்தை மட்டும் செல்வியின் அம்மாவைக் கேட்டு எடுத்துக்கொள்கிறேன்.